பாலிபீனால் அளவு என்று அச்சிடும் எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "இதில் பாலிபீனால் ஏராளம், அதனால் நோய் அண்டாது" என்கிற தோரணையில் உடல்நலப் பக்கங்களில் வரும் குறிப்புகளைப் பற்றியே இந்தக் கடிதம். அந்தக் குறிப்புகளில் வரும் எண் பெரும்பாலும் இட்டுக்கட்டியது அல்ல. ஏதோ ஓர் ஆய்வகத்தில் முறையாக அளந்ததுதான். அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதுதான் அச்சேறும்போது காணாமல் போகிறது. பீனாலிக் சேர்மங்களோடு வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வாசகர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையத்தின் மேல் நேரடியாக ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும்) ஒட்டியிருந்தால் அது பீனால். இப்படிப் பல பீனால் அமைப்புகள் ஒரே மூலக்கூறில் இருந்தால் அது பாலிபீனால். எத்தனாலிலும் இதே ஹைட்ராக்சில்தான் இருக்கிறது. ஆனால் புரோட்டானை விட எவ்வளவு தயங்கும் என்று சொல்லும் பிகேஏ மதிப்பு எத்தனாலுக்கு சுமார் 16, பீனாலுக்கு சுமார் 10; ஒரு படி குறைந்தால் பத்து மடங்கு எளிது. அதாவது பீனால் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு எளிதாகத் தன் புரோட்டானைக் கொடுத்துவிடும். கொடுத்த பிறகு மிஞ்சும் எதிர்மின்சுமை ஆக்சிஜன் மீதே முடங்கிக் கிடக்காமல் வளையம் முழுக்கப் பரவிக்கொள்வதுதான் காரணம். புரோட்டானுக்குப் பதில் முழு ஹைட்ரஜன் அணுவையே கொடுத்தாலும் இதே கதைதான்: மிஞ்சும் பீனாக்சில் ராடிக்கலின் இணையற்ற எலக்ட்ரான் வளையத்தில் பரவி அமைதியாகிவிடும், அடுத்த மூலக்கூறைத் தாக்கப் பாயாது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று நாம் சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களில் இரண்டு ஹைட்ராக்சில் இருந்தால், அதாவது கேட்டகால் அமைப்பு இருந்தால், இந்த வேலை இன்னும் சுலபமாக நடக்கும்.

பீனாலை 1834இல் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தவர் வேதியியலாளர் ரூங்கே. 1865இல் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கிளாஸ்கோவில் எலும்பு முறிந்த காயத்துக்கு அதைக் கிருமிநாசினியாகப் பயன்படுத்தினார். கிருமியைக் கொன்ற அதே பொருள் தோலையும் விட்டுவைக்காது. அடர்ந்த பீனால் பட்ட இடம் வெளுக்கும், பிறகு மரத்துப்போகும். வலி தெரியாததால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள் அது தோல் வழியாக இரத்தத்தில் கலந்திருக்கும். ஈரத் துணியால் லேசாகத் துடைப்பது தவறு, அது பரப்பளவைக் கூட்டவே செய்யும். மாசுபட்ட உடையை உடனே கழற்றிவிட்டு, பாலிஎத்திலீன் கிளைக்கால் 300 அல்லது 400 இருந்தால் அதை நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை நிறையப் பாய்ச்ச வேண்டும். பிறகு மருத்துவமனை.

இந்தக் குடும்பத்தின் உறுப்பினர்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு பீனால். மிளகாயின் காரமான கேப்சைசின் ஒரு பீனால். கிராம்பின் யூஜெனால், வனிலாவின் வனிலின், வைட்டமின் ஈ, நம் உடலே சுரக்கும் அட்ரினலின், ஈஸ்ட்ரடையால் எல்லாமே பீனாலிக் சேர்மங்கள். தொட்டாலே கொப்பளிக்க வைக்கும் விஷப்படர்கொடியின் உருஷியாலும் அப்படியே. பிளாஸ்டிக்கிலும் டப்பாவின் உட்பூச்சிலும் பேசப்படும் பிஸ்பீனால் ஏ-யில் இரண்டு பீனால் வளையங்கள் உண்டு. ஒருவர் நாளொன்றுக்குத் தாங்கக்கூடியது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருந்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்பதிலிருந்து 2023இல் 0.2 நானோகிராமாக, அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. ஆகவே "பீனாலிக் சேர்மம் உள்ளது" என்ற வாக்கியத்திலிருந்து உடலுக்கு நல்லதா கெட்டதா என்று எதுவும் சொல்ல முடியாது. எந்தச் சேர்மம், எவ்வளவு, எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் பேச்சே தொடங்கும்.

ஹைட்ரஜனைக் கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்பதை ஒரு ஆப்பிளிலேயே பார்க்கலாம். நறுக்கிய முகம் சில நிமிடங்களில் பழுப்பாகிறது. முழுப் பழத்தில் குளோரோஜெனிக் அமிலம் போன்ற பீனால்கள் செல்லின் நுண்குமிழியில் (வாக்குவோல்) தனியாக இருக்கின்றன. அவற்றை ஆக்சிஜனேற்றும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற செம்பு கொண்ட நொதி, கணிகங்கள் என்ற வேறு அறைகளில் தனியாக இருக்கிறது. கத்தி இறங்கியதும் இரண்டும் கலக்கின்றன, காற்றும் சேர்கிறது. பீனால் குயினோனாகிறது, குயினோன்கள் ஒன்றோடொன்றும் புரதங்களோடும் பிணைந்து பழுப்பு நிறமியாகின்றன. எலுமிச்சைச் சாறு தடவினால் இரண்டு வேலை நடக்கும். அமிலம் நொதியின் வேகத்தைக் குறைக்கும். வைட்டமின் சி குயினோனை மறுபடியும் பீனாலாகத் திருப்பும். ஆனால் திருப்பும்போது வைட்டமின் சி செலவாகிக்கொண்டே போகிறது. தீர்ந்த கணத்திலிருந்து பழுப்பு மீண்டும் ஏறத் தொடங்கும். நிரந்தரமாக நிறுத்த வேண்டுமானால் நீராவியில் காட்டி நொதியைக் கொல்ல வேண்டும்.

குயினோன் வேதியியல் என்பது ஆப்பிளோடு நிற்கும் விஷயமல்ல. உருஷியால் தோலில் குயினோனாகிப் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால்தான் ஒவ்வாமை கிளம்புகிறது. பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கினால் கல்லீரலில் குயினோனின் நெருங்கிய உறவான ஒரு பொருள் மிதமிஞ்சி உருவாகி, செல்லைக் காக்கும் குளுடாதயோனின் இருப்பைத் தீர்த்து, செல்களைச் சாகடிக்கிறது. அசிட்டைல் சிஸ்டீன் கொடுத்துக் காப்பாற்றுவது அந்த இருப்பை நிரப்புவதற்குத்தான். காப்பதும் தாக்குவதும் ஒரே மூலக்கூறின் இரண்டு நிலைகள். இது புரிந்தவர்கள் "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்று எழுத மாட்டார்கள்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். "மொத்த பீனால்" என்று அச்சில் வருவது பெரும்பாலும் போலின்-சியோகால்டு சோதனையின் விளைவு. 1927இல் போலினும் சியோகால்டுவும் இதை உருவாக்கியது புரதத்தில் உள்ள டைரோசின், டிரிப்டோபன் என்ற அமினோ அமிலங்களை அளப்பதற்காக. 1965இல் சிங்கிள்டனும் ராஸியும் திராட்சை மதுவின் பீனாலை அளக்க அதை மாற்றியமைத்தார்கள். மாலிப்டினமும் டங்ஸ்டனும் சேர்ந்த மஞ்சள் கரைசல் அது. எலக்ட்ரானைக் கொடுக்கும் எதுவாவது கிடைத்தால் நீலமாகும். நீலத்தின் அடர்த்தியை 765 நானோமீட்டரில் படிக்கிறோம்.

முறை இதுதான். ஒப்பிடும் அளவுகோலாக வைக்கும் பீனாலான கேலிக் அமிலம் 0.5 கிராமை 10 மில்லி எத்தனாலில் கரைத்து, தண்ணீர் சேர்த்து 100 மில்லி ஆக்கினால் லிட்டருக்கு 5 கிராம் கொண்ட தாய்க்கரைசல் தயார். அதிலிருந்து 1, 2, 3, 5, 10 மில்லி எடுத்துத் தனித்தனியே 100 மில்லி ஆக்கினால் லிட்டருக்கு 50, 100, 150, 250, 500 மி.கி. என்ற படிகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும், மாதிரியிலும், வெறும் தண்ணீரிலும் 20 மைக்ரோலிட்டர் எடுத்து 1.58 மில்லி தண்ணீரில் கலக்க வேண்டும். 100 மைக்ரோலிட்டர் போலின் கரைசல் விட்டுக் கலக்கி, அரை நிமிடத்துக்குப் பின், எட்டு நிமிடத்துக்குள், 300 மைக்ரோலிட்டர் நிறைவுற்ற சோடியம் கார்பனேட் சேர்க்க வேண்டும். 20 டிகிரியில் இரண்டு மணி நேரம், அல்லது 40 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் படிக்க வேண்டும்.

இதில் தவறு நேரும் இடங்கள் தெரிந்தவைதான். கார்பனேட்டை முதலில் ஊற்றினால் காரத்தில் போலின் கரைசல் வேகமாகச் சிதையும். பீனாலோடு வினைபுரிய மிச்சம் இருக்காது, அளவு குறைத்தே வரும். பாட்டிலில் இருக்கும்போதே கரைசல் பச்சை தட்டியிருந்தால் அது ஏற்கெனவே எலக்ட்ரானை வாங்கி ஒடுக்கமடைந்துவிட்டது என்று பொருள், அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒளியை அளக்க ஊற்றும் சிறு குப்பியில் (குவெட்) வெண்மையாகக் கலங்கினால் உப்பு படிந்திருக்கிறது. வடிகட்டியோ சுழற்றியோ தெளிவாக்காமல் படித்தால் கலங்கலும் சேர்ந்து பீனாலாக எண்ணப்படும்.

இதெல்லாம் கைப்பிழை, பழகினால் போய்விடும். போகாத சிக்கல் வேறு. எலக்ட்ரான் கொடுக்கும் எதையும் இந்தக் கரைசல் பீனால் என்றே நினைக்கிறது. வைட்டமின் சி, சல்பைட், இரும்பின் ஃபெரஸ் அயனி, புரதத்தின் டைரோசின், அளவு கூடினால் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என எல்லாமே நீலத்தைக் கூட்டும். வைட்டமின் சி நிறைந்த சாறு ஒன்றில் போலின் கரைசலை விட்டுப் பாருங்கள்: கார்பனேட் சேர்ப்பதற்கு முன்பே, அமில நிலையிலேயே நீலம் தட்டிவிடும். பீனாலுக்கு நீலம் ஏறக் காரம் வேண்டும். ஆகவே முன்கூட்டியே வந்த அந்த நீலம் பீனாலுடையது அல்ல என்று கண்ணாலேயே தெரிகிறது. நல்ல ஆய்வகங்கள் மாதிரியை சி18 என்ற பிரிக்கும் பொருள் நிரப்பிய குழாயில் ஏற்றிச் சர்க்கரையையும் வைட்டமின் சி-யையும் கழுவிவிட்டுப் பீனாலை மட்டும் இறக்குவார்கள். அல்லது பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி என்ற பாலிமர் தூளைக் கலந்து வடிகட்டி, மிச்சமிருக்கும் நீலத்தை மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். "மொத்த பீனால்" என்ற எண்ணை அச்சிடும்போது இந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்டால் போதும், பாதித் தவறு குறையும்.

அடுத்தது எடை. 5 கிராம் பழத்தை 50 மில்லியில் சாறு இறக்கினோம், கேலிக் அமிலப் படிகளை வைத்து வரைந்த வளைகோட்டில் லிட்டருக்கு 240 மி.கி. என்று வந்தது என்றால், 50 மில்லியில் 12 மி.கி.; 100 கிராம் பழத்துக்கு 240 மி.கி. அதே பழத்தில் 85 விழுக்காடு தண்ணீர் என்றால் உலர் எடைக் கணக்கில் அது 1,600 மி.கி. ஆகிவிடும். பழம் மாறவில்லை, பகுக்கும் எண்தான் மாறியது. ஈர எடையில் சொன்ன ஒரு பழத்தையும் உலர் எடையில் சொன்ன ஒரு பொடியையும் பக்கத்தில் வைத்து "பொடியில் ஏழு மடங்கு" என்று எழுதுவதை விடப் பெரிய ஏமாற்று வேலை இந்தத் துறையில் இல்லை.

எண் குறைத்து வரும் இடமும் உண்டு. தானியங்களில் பெரூலிக் அமிலம் என்ற பீனால் செல்சுவர் நாரோடு எஸ்டராகப் பிணைந்து கிடக்கிறது. மெத்தனாலில் ஊறவைத்தால் அது வராது. கசடை 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், நைட்ரஜன் வாயு நிரப்பிய மூடிய குப்பியில் சில மணி நேரம் குலுக்கி, பிறகு அமிலம் விட்டுப் பிஎச் 2-க்கு இறக்கி, எத்தில் அசிடேட்டில் பிரித்தெடுக்க வேண்டும். நைட்ரஜன் மறந்துபோனால் காரத்தில் காற்றுப் பட்டு, எடுக்க வந்த பொருளே ஆக்சிஜனேற்றமாகிக் கறுத்துவிடும். இந்தப் படியைத் தாண்டிப் போன ஆய்வில் முழுத்தானியம் ஏழையாகத் தெரியும், பழம் பணக்காரனாகத் தெரியும்.

எண் சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது குப்பிக்குள் நடந்ததைத்தான் சொல்கிறது. ஓஆர்ஏசி என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டு வந்தது. அந்த மதிப்பெண்ணுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, விற்பனையாளர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012இல் அந்தத் துறையே பட்டியலை விலக்கிக்கொண்டது. அந்த மதிப்பெண்களை இன்னும் மேற்கோள் காட்டுவது நியாயமல்ல.

உடலுக்குள் என்னதான் நடக்கிறது? குவெர்செட்டின் போன்ற ஃபிளாவனாய்டுகள் (பாலிபீனாலில் ஒரு பெரிய வகை) உணவில் பெரும்பாலும் சர்க்கரையோடு ஒட்டியே இருக்கின்றன. சிறுகுடலில் சர்க்கரை வெட்டப்படுகிறது. உள்ளே நுழைந்ததும் குடல் சுவரும் கல்லீரலும் குளுகுரோனைடு, சல்பேட், மெத்தில் தொகுதிகளை அதன் மேல் ஏற்றிவிடுகின்றன. கவனியுங்கள்: ஏற்றப்படுவது ஹைட்ரஜனைக் கொடுக்க வேண்டிய அதே ஹைட்ராக்சில்களின் மேல்தான். இரத்தத்தில் ஓடுவது நாம் தின்ற மூலக்கூறு அல்ல, அதன் மூடிக்கட்டிய வடிவம். அதுவும் பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் அளவில், சில மணி நேரம் மட்டும். அதே இரத்தத்தில் வைட்டமின் சி 50 மைக்ரோமோல் அளவிலும் யூரிக் அமிலம் 200 முதல் 400 மைக்ரோமோல் வரையிலும் எப்போதும் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரு மைக்ரோமோல் போய் நேரடியாக ராடிக்கலைப் பிடித்துச் சாதிப்பது என்ன இருக்கப் போகிறது? ஆப்பிள் தின்றபின் இரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் ஏறுவதை அளந்தவர்கள் உண்டு. தேடிப் பார்த்தால் ஏற்றத்துக்குக் காரணம் ஃபிளாவனாய்டு அல்ல. பழத்தின் ஃப்ரக்டோஸ் கல்லீரலில் யூரிக் அமிலத்தைக் கூட்டியதுதான்.

"ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களைக் கொன்றது" என்ற செய்திகளையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தட்டில் வளரும் செல்களின் மேல் ஊற்றுவது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோல். இரத்தம் காணாத அளவு, மூடிக்கட்டாத வடிவம். போதாததற்கு, செல் வளர்க்கும் ஊடகத்தில் கேலிக் அமிலமும் தேயிலைக் கேட்டகின்களும் தாமாகவே ஆக்சிஜனேற்றமாகி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். இதை 2000ஆம் ஆண்டிலேயே ஹாலிவெல் குழுவினர் காட்டிவிட்டார்கள். செல்லைக் கொன்றது சேர்மமா பெராக்சைடா என்று அறிய வழி எளிது: பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து மறுபடி செய்து பார்க்க வேண்டும். கேட்டலேஸ் சேர்த்ததும் விளைவு மறைந்தால் அது மருந்தின் வேலை அல்ல.

அதற்காகப் பாலிபீனால் பயனற்றது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பயன் வேறு வழியில் வருகிறது. கோகோவின் எபிகேட்டகின் (ஃபிளாவனால் வகையைச் சேர்ந்தது) இரத்தக் குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சமிக்ஞையைத் தூண்டி, குழாயை விரியச் செய்கிறது. நாளொன்றுக்கு 200 மி.கி. கோகோ ஃபிளாவனால் என்ற அளவுக்கு அந்தக் கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றது. ஆலிவ் எண்ணெய்க்கும் அப்படி ஒரு கூற்று உண்டு: 20 கிராம் எண்ணெயில் 5 மி.கி. ஹைட்ராக்சிடைரோசாலும் அதன் வழிவந்தவையும் இருந்தால், இரத்தக் கொழுப்பை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்க உதவும் என்று சொல்லலாம். இரண்டிலும் சேர்மத்தின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, எது மாறும் என்பதும் இருக்கிறது. கூற்று என்றால் இப்படி இருக்க வேண்டும். இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களுக்குத் தினம் 500 மி.கி. கோகோ ஃபிளாவனால் கொடுத்த காஸ்மாஸ் சோதனையின் முடிவு 2022இல் வந்தது. முதன்மை இலக்கான மொத்த இதய-இரத்தக்குழாய் நிகழ்வுகள் புள்ளியியல் உறுதியோடு குறையவில்லை. இதய நோய் மரணங்கள் மட்டும் 27 விழுக்காடு குறைந்திருந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். காரம் சேர்த்துப் பதப்படுத்திய கறுத்த கோகோவில் ஃபிளாவனால்களின் பெரும்பகுதி அழிந்துபோயிருக்கும் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். கசப்பு குறைந்தது என்றால் அதுவும் குறைந்தது.

குடல் நுண்ணுயிரிகளின் பங்கு தனி. மாதுளையின் பாலிபீனாலான எல்லாஜிடானின் அப்படியே உறிஞ்சப்படுவதில்லை. நுண்ணுயிரிகள் அதை யூரோலித்தின்களாக வெட்டிய பிறகே இரத்தத்துக்கு வரும். எல்லோருடைய குடலிலும் அந்த நுண்ணுயிரிகள் இல்லை. ஒரே சாற்றைக் குடித்த இருவரில் ஒருவருக்கு யூரோலித்தின் வரும், மற்றவருக்கு வராது.

கேடு பக்கத்தில் இரண்டைக் கட்டாயம் அச்சிட வேண்டும். ஒன்று, இரும்புச் சத்து. கேலோயில் தொகுதிகள் (கேலிக் அமிலத்தின் துண்டுகள்) உள்ள பாலிபீனால்கள் குடலிலேயே இரும்பைக் கவ்விக்கொள்கின்றன. உணவோடு குடிக்கும் ஒரு பானத்தில் 20 முதல் 50 மி.கி. பாலிபீனால் இருந்தாலே தாவர உணவின் இரும்பு உறிஞ்சப்படுவது 50 முதல் 70 விழுக்காடு குறைகிறது. 100 முதல் 400 மி.கி. என்றால் 60 முதல் 90 விழுக்காடு. இரத்தசோகை உள்ளவர் தேநீரை விட்டுவிட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட வேண்டும், சாப்பாட்டோடு வைட்டமின் சி உள்ள எதையாவது சேர்க்க வேண்டும். "பாலிபீனால் நிறைந்தது" என்று புகழும் அதே பத்தியில் இந்த வரி இல்லையென்றால் இரத்தசோகை உள்ள வாசகருக்குத் தீங்கு செய்கிறோம்.

மற்றொன்று, பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த மாத்திரைகள். ஐரோப்பாவில் பச்சைத் தேநீராகக் குடிப்பவர்களுக்கு அதன் முக்கியக் கேட்டகினான எபிகேலோகேட்டகின் கேலேட் நாளொன்றுக்குச் சராசரியாக 90 முதல் 300 மி.கி. வரை போகிறது. அதையே மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்தன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் முடிவுக்கு வந்தது. வெறும் வயிற்றில் விழுங்கினால் இரத்தத்தில் ஏறும் அளவு இன்னும் கூடும். கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்நிறமானால், வயிற்றின் வலப்பக்கம் மேலே வலித்தால், மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்; என்ன மாத்திரை என்பதற்குப் புட்டியையும் கையில் கொண்டுபோக வேண்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பாலிபீனால் பற்றிய எந்தக் குறிப்பை வெளியிட்டாலும், சேர்மத்தின் பெயர், ஒரு வேளைக்கு எத்தனை மி.கி., எடை ஈரமா உலர்வா, அளந்தது குப்பியிலா, செல் தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்பதைச் சேர்த்து வெளியிடுங்கள். எழுதியவரால் இவற்றுக்கு விடை தர முடியாவிட்டால் அந்தக் குறிப்பை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
உணவு வேதியியல் துறை வாசகர்கள்